ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்து: டிரெய்லரோடு மலைச்சாலையில்

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் சான் வான் மலைகளில் சில்வர்டனையும் யூரேயையும் இணைக்கும் யூ.எஸ். 550 சாலையை மில்லியன் டாலர் நெடுஞ்சாலை என்பார்கள். ஏறத்தாழ 25 மைல்தான். நடுவில் ரெட் மவுண்டன் கணவாய், 11,018 அடி உயரம். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் முகாம் டிரெய்லர்களுக்கு பிரேக் வேலை பார்ப்பவன் என்பதால் கோடை வந்தால் என்னிடம் இந்தச் சாலையைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். நம் ஊர்க் குடும்பங்களும் டிரெய்லரோடு வருகிறார்கள். முதல் கேள்வி எப்போதும், "வண்டி இழுக்குமாண்ணா?"

இழுக்கும். டர்போ இல்லாத என்ஜின் அந்த உயரத்தில் தன் சக்தியில் சுமார் 30 சதவீதத்தை இழந்துவிடும். மெதுவாக ஏறும், அவ்வளவுதான். ஒதுங்க இடம் கிடைத்தால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி விடுங்கள். என் பயமெல்லாம் இறக்கத்தில்தான். கணவாயிலிருந்து யூரே வரை 13 மைலுக்குள் சுமார் 3,200 அடி இறங்க வேண்டும்.

அப்படி இறங்கிவிட்டு, "மிதித்தால் பிரேக் பிடிக்கவில்லை" என்று வருகிற வண்டிகளில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். காரின் முன்சக்கர டிஸ்க் சூட்டில் நீலம் பாரித்திருக்கும். டிரெய்லர் சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற உருளையைக் கழற்றினால், உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ தேயாமல் புதிது போலவே இருக்கும். மொத்த எடையையும் கார் பிரேக் ஒன்றே பிடித்து நிறுத்தியிருக்கிறது!

பெரும்பாலான டிரெய்லர்களில் இருப்பது மின்சார பிரேக். அதற்கு மின்சாரம் அனுப்பும் கண்ட்ரோலர் காருக்குள் இல்லையென்றால் அது வேலையே செய்யாது. கண்ட்ரோலர் இருந்தும், ஊருக்குள் ஓட்டும்போது வண்டி வெட்டி இழுக்கிறது என்று பலர் அதில் பிரேக் பிடிக்கும் அளவைக் குறைத்துவிடுகிறார்கள். சிலவற்றில் காரையும் டிரெய்லரையும் இணைக்கும் பிளக்கின் உலோக முனையில் பச்சை பூத்து மின்சாரமே போவதில்லை. சமவெளியில் இதெல்லாம் தெரியாது.

அதனால் மலையேறும் முன் இதைச் செய்யுங்கள். காய்ந்த, சமமான, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் 20, 25 மைல் வேகத்தில் போய், கால் பிரேக்கைத் தொடாமல் கண்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து நன்றாகப் பிடித்து இழுக்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் அளவைக் கொஞ்சம் குறையுங்கள். எதுவுமே நடக்கவில்லை என்றால் மலைப்பக்கம் போகாதீர்கள். பழுதைச் சரிசெய்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இறங்கும் வேகத்தை உச்சியிலேயே முடிவு செய்துவிட வேண்டும். டோ-ஹால் மோடை (பாரம் இழுப்பதற்கான கியர் அமைப்பை) போட்டு, இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். என்ஜின் இரையும், பயப்பட வேண்டாம், அது நமக்காகத்தான் உழைக்கிறது. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்காதீர்கள். வேகம் கூடினால் அழுத்திப் பிடித்து 5, 10 மைல் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள், ஆற நேரம் கிடைக்கும். டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும்; ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கும் பிடிப்பை இழக்கும். கருகல் வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது.

இன்னொன்று, இந்தச் சாலையின் பெரும்பகுதியில் ஓரத்தடுப்பு கிடையாது. குளிர்காலத்தில் வழித்தெடுக்கும் பனியைப் பள்ளத்தில் தள்ள வழி வேண்டும் என்பதே அதற்குச் சொல்லும் காரணம். யூரேயிலிருந்து தெற்கே போனால் பள்ளத்தின் ஓரம் உங்கள் பக்கம். சில்வர்டனிலிருந்து வடக்கே வந்தால் மலைச்சுவர் உங்கள் பக்கம். முதல் தடவை டிரெய்லர் இழுப்பவர்கள் பள்ளத்தின் ஓரமாகப் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

சரி, டிரெய்லரோடுதான் போயாக வேண்டுமா? யூரேக்கு வடக்கே ரிட்ஜ்வே மாநிலப் பூங்காவில் முகாமிட இடம் இருக்கிறது. டிரெய்லரை அங்கே நிறுத்திவிட்டுக் காரில் மட்டும் சில்வர்டன் போய் வரலாம். டிரெய்லரைத் தெற்கே கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் லிசர்ட் ஹெட் கணவாய் வழியாகப் போகும் 145-ஆம் சாலை சுற்றுவழி. ஆனாலும் அங்கே வளைவுகள் இவ்வளவு கடுமையாக இருக்காது.