ஸ்கேனர் காட்டாத காய்ச்சல்

இதை 2022 ஜனவரிக் கடைசியில் எழுதுகிறேன். பிப்ரவரி 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் கல்லூரிகள் மறுபடி திறக்கின்றன. கொரோனாவின் ஒமைக்ரான் அலையால் ஜனவரியில் வீட்டோடு இருந்த பிள்ளைகள் இந்த வாரக் கடைசியில் பெட்டியும் வாளியுமாக விடுதிகளில் வந்து இறங்குவார்கள். ஒரு கல்லூரி விடுதியின் மருத்துவ அறையைப் பார்த்துக்கொள்கிற மருத்துவர் நான். போன செப்டம்பரில் கல்லூரி திறந்தபோது நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

திறந்த இரண்டாவது வாரம். ஒரு மாலை மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் தொண்டை வலி என்று வந்தான். வெப்பமானி 98.4 காட்டியது. ஆனால் முகம் வாடியிருந்தது, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "மாத்திரை எப்போப்பா போட்டே?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பாராசிட்டமால் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். பத்து மாத்திரையில் மிச்சம் ஒன்றுதான். மூன்று நாளாகக் காலையில், வாசலில் காய்ச்சல் பார்க்கும் ஸ்கேனருக்கு வருவதற்கு முன்னால் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று.

"ஏன் வந்து சொல்லல?"

"வார்டன் சாருக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க டாக்டர். அடுத்த வாரம் இன்டர்னல். ஏற்கெனவே அட்டெண்டன்ஸ் கம்மி."

அவனுக்குத் தொற்று உறுதியானது. அறையில் கூட இருந்த இருவருக்கும் அப்படியே. அதில் ஒருவன் இடையில் சனி ஞாயிறுக்கு ஊருக்குப் போய் வந்திருந்தான். அவன் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அவர் பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்து, நல்லபடியாக வீடு திரும்பினார். அந்தப் பதினோரு நாளும் அந்தப் பையன் என் அறை வாசலில் வந்து நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

அந்த மாணவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காய்ச்சல் என்று சொன்னால் நஷ்டம், மறைத்தால் லாபம் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நாங்கள் வைத்திருந்த ஏற்பாடு.

வாசலில் நெற்றிக்கு நேராக நீட்டுகிற ஸ்கேனர் தோலின் சூட்டைத்தான் அளக்கிறது. பாராசிட்டமால் போட்டவருக்கு நாலைந்து மணி நேரம் அது ஒன்றும் காட்டாது. வெயிலில் நடந்து வந்தவருக்கு இல்லாத காய்ச்சலைக் காட்டும். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே ஒருவர் மற்றவருக்குப் பரப்ப முடியும். ஒமைக்ரானில் பலருக்குத் தொண்டைக் கரகரப்பும் உடம்பு வலியும் மட்டும்தான், காய்ச்சலே வருவதில்லை. ஆகவே விடுதியைக் காப்பாற்றப்போவது, "எனக்கு உடம்பு சரியில்லை" என்று முதல் நாளே வந்து சொல்கிற மாணவர்தான்.

அப்படிச் சொல்ல வேண்டுமானால் கல்லூரி சில உறுதிகளை எழுத்தில் தர வேண்டும். தனிமையில் இருக்கும் நாளுக்கு அட்டெண்டன்ஸ் குறையாது. தவறிய இன்டர்னலுக்கு மறுதேர்வு உண்டு. சாப்பாடு அறை வாசலுக்கு வரும். பெயர் வாட்ஸ்அப் குழுவில் போகாது. கடைசியில் சொன்னதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. செப்டம்பரில் ஒரு மாணவியின் பரிசோதனை ரிப்போர்ட் குழுவில் பரவிய பிறகு, அந்தப் பிளாக்கிலிருந்து ஒரு வாரத்துக்கு யாருமே என்னிடம் வரவில்லை.

அடுத்தது மெஸ். 2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் 100-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று பரவியது நினைவிருக்கும். பெரும்பாலான மாணவர்கள் அப்போது வீட்டில்தான் இருந்தார்கள். வளாகத்தில் இருந்தவர்களுக்கு இயங்கியது ஒரே மெஸ். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட இடம் அது. பிறகு சாப்பாட்டைப் பொட்டலமாக அறைக்கே அனுப்பினார்கள். வகுப்பில் மாஸ்க்கோடு இடைவெளி விட்டு உட்கார்ந்துவிட்டு, மெஸ்ஸில் தோளோடு தோள் உரசிப் பேசிக்கொண்டே சாப்பிட்டால் காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீண். பிளாக் வாரியாக நேரம் பிரித்துவிடுங்கள். முடிந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவிலோ மரத்தடியிலோ சாப்பிடட்டும்.

அறைக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகம் கவனிக்கப்படாதது அதுதான். எங்கள் விடுதியில் இரவு எட்டு மணிக்கு எந்த அறைக்குப் போனாலும் ஜன்னல் மூடியிருக்கும். காரணம் கேட்டால் கொசு. ஒரு நாள் ஓர் அறையில் ஊதுபத்தி ஏற்றி, கதவையும் ஜன்னலையும் மூடி, மின்விசிறியை ஓடவிட்டேன். புகை அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி மூலை முடுக்கெல்லாம் நிறைந்தது. பத்தியை அணைத்த பிறகும் வாசம் போகவே இல்லை. அப்புறம் ஜன்னலையும் எதிரே இருந்த கதவையும் திறந்தோம். கொஞ்ச நேரத்தில் அறை தெளிந்துவிட்டது. மூச்சிலும் பேச்சிலும் வெளிவரும் நுண்திவலைகளும் அந்தப் புகை மாதிரிதான் மிதக்கும். மேலே ஓடுகிற மின்விசிறி இருக்கிற காற்றையே கலக்கும், வெளியே தள்ளாது. கொசுவலை அடித்தால் ஜன்னல் திறந்தே இருக்கலாம். ஒரு பிளாக்குக்கு வலை அடிக்க ஆகும் செலவு பெரிய செலவில்லை என்று நிர்வாகத்திடம் அன்றே எழுதிக் கொடுத்தேன், இப்போது இரண்டு பிளாக்கில் அடித்திருக்கிறார்கள்.

கொசு என்றதும் இன்னொன்று. வருகிற காய்ச்சல் எல்லாமே கொரோனா இல்லை, டெங்குவும் இருக்கிறது. எது என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். புரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை டெங்குவில் ரத்தக் கசிவை அதிகமாக்கலாம்.

தடுப்பூசியில் முதலாண்டுப் பிள்ளைகளைத் தனியாகக் கவனியுங்கள். 15 முதல் 18 வயதுக்காரர்களுக்கு ஜனவரி 3-ஆம் தேதிதான் கோவாக்சின் தொடங்கியது. இரண்டாம் டோஸ் 28 நாள் கழித்து, அதாவது விடுதிக்கு வந்த பிறகு அவர்களுக்கு நாள் வரும். ஊரில் முதல் ஊசி போட்ட பதினேழு வயதுப் பிள்ளைக்கு இங்கே எங்கே போய்ப் போடுவது என்று தெரியாது. கல்லூரியே முகாம் ஏற்பாடு செய்தால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

கபசுரக் குடிநீர் குடிக்கலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். விருப்பமிருந்தால் குடியுங்கள், ஆனால் அதை நம்பி மாஸ்க்கையோ ஊசியையோ விட்டுவிடாதீர்கள்.

தொற்று உறுதியானால் 2022 ஜனவரி விதிப்படி ஏழு நாள் தனிமை, அதில் கடைசி மூன்று நாள் மாத்திரை போடாமலே காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 93-ஓ அதற்குக் கீழோ காட்டினால், மூச்சு வாங்கினால், நெஞ்சில் அழுத்தம் இருந்தால், நேரம் பார்க்காமல் எங்களைக் கூப்பிடுங்கள். நடுராத்திரி என்று தயங்க வேண்டாம். வளாகத்துக்கு வெளியே இருந்தால் 108.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து கிளம்பும் அன்று பிள்ளைக்குத் தொண்டை கரகரத்தால் அந்தப் பேருந்தில் ஏற்றாதீர்கள். கல்லூரிக்கு ஒரு போன் செய்யுங்கள், நான்கு நாள் தாமதமாக வந்தால் ஒன்றும் குடி முழுகிப்போகாது.

எங்கள் விடுதியில் இந்த முறை தரைத்தளத்தில் எட்டு அறைகளைக் காலியாக வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் தனிக் குளியலறை, ஒரு கெட்டில், சார்ஜர் போட ஒரு பிளக். இன்டர்னலுக்குப் படிக்க மேசையும் விளக்கும் வேண்டும் என்று கேட்டது அந்த மூன்றாம் ஆண்டு மாணவன்தான். நேற்று மதியம் எட்டு அறையிலும் போட்டாகிவிட்டது.