போல்ட் தலையை மழுக்காத சாக்கெட் எது?

இறுகிப்போன போல்ட்டில் சாக்கெட்டை (தலையைக் கவ்வித் திருப்பும் குழாய் வடிவக் கருவி) மாட்டி அழுத்துகிறோம், ‘டக்’கென்று நழுவுகிறது. எடுத்துப் பார்த்தால் ஆறு முனையும் மழுங்கிக் கிடக்கும். துருவைத் திட்டுவோம். பல நேரம் தவறு சாக்கெட்டில்தான்.

10 எம்எம் தலை என்றால் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 10 எம்எம். முனைக்கு முனை சுமார் 11.5. சாக்கெட் உள்ளே நுழையக் கொஞ்சம் இடைவெளி வேண்டும். அதனால் திருப்பும்போது அது சற்றுச் சுழன்ற பிறகே தலையைப் பிடிக்கும். உள்ளே 12 மூலைகள் கொண்ட 12 பாயின்ட் சாக்கெட் பிடிப்பது முனையை ஒட்டிய மெல்லிய விளிம்பை. முழு விசையும் அங்கே விழுந்தால் உலோகம் வழித்துக்கொண்டு போகும். ஆறே மூலைகள் கொண்ட 6 பாயின்ட் சாக்கெட் முனையிலிருந்து இன்னும் தள்ளிப் பிடிக்கிறது, சுவரும் தடிமன். குறுகிய இடத்தில் 30 டிகிரிக்கு ஒருமுறை மாட்டலாம் என்பதே 12 பாயின்ட்டின் லாபம். 72 பல் ராட்செட் (சாக்கெட்டைக் கழற்றாமலே முன்னும் பின்னும் அசைத்துத் திருப்பும் கைப்பிடி) 5 டிகிரியிலேயே அடுத்த பல்லைப் பிடிக்கும்போது அந்த லாபம் எதற்கு? தலையே 12 முனையாக இருக்கும் சில இன்ஜின் போல்ட்டுகளுக்கு மட்டும் அது கட்டாயம்.

அடுத்தது அளவு. ஒரே எம்8 போல்ட்டுக்கு (மரையின் விட்டம் 8 எம்எம்) ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் 12 எம்எம் தலை, ஐரோப்பியக் கார்களில் 13. எம்10 என்றால் ஜப்பானியக் கார்களில் 14, ஐரோப்பியக் கார்களில் 16 அல்லது 17. மாருதி, டொயோட்டா வைத்திருப்பவர் 10, 12, 14, 17, 19 வாங்கினால் பெரும்பாலான வேலை முடியும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவுக்கு 13, 16, 18 வேண்டும். இன்ச் சாக்கெட்டோடு கலக்காதீர்கள். 3/4 இன்ச் 19.05 எம்எம், அதனால் 19-க்குச் சரியாகிவிடும். ஆனால் அரை இன்ச் தலை 12.7 எம்எம், அதில் 13 எம்எம் சாக்கெட்டை மாட்டினால் 0.3 எம்எம் ஆட்டம். முனை மழுங்க அது போதும்.

சாக்கெட் வாயின் உள்விளிம்பைச் சரிவாகச் சீவியிருப்பார்கள், எளிதாக மாட்டுவதற்காக. அந்தச் சரிவுக்குப் பிடிப்பே கிடையாது. தலை மெல்லியதாக இருந்தால், அல்லது மேலே சேறு அப்பியிருந்தால், பிடிக்க மிஞ்சுவது ஓரிரு எம்எம்தான். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, அடிவரை உட்கார்ந்ததா என்று பாருங்கள்.

எம்6 போல்ட்டை இறுக்க ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை போதும். 25 செ.மீ. கைப்பிடியில் அது 4 கிலோ அழுத்தம்தான். அரை இன்ச் ராட்செட்டை அதில் மாட்டினால் கைக்குத் தெரியாமலே போல்ட் முறியும். கால் இன்ச் டிரைவ் (சாக்கெட்டில் நுழையும் ராட்செட்டின் சதுரக் கட்டை) எடுங்கள். 3/8 நடுத்தர வேலைக்கு. அரை இன்ச் வீல் நட்டுக்கும் சஸ்பென்ஷனுக்கும். அடித்து அடித்துத் திருப்பும் இயந்திரமான இம்பாக்ட் கன்னில் கறுப்பு இம்பாக்ட் சாக்கெட் மட்டுமே. பளபளக்கும் குரோம் சாக்கெட் கையால் திருப்புவதற்காகக் கடினமாக்கப்பட்டது. அடி விழுந்தால் வெடித்துச் சில்லு கண்ணுக்குத் தெறிக்கும்.