சூப்பர்கஸ்பிடல்: மீமுனைமறை உருவகிப்பு

பி-ஆடிக் குலங்களின் உருவகிப்புகளை வகைப்படுத்தும் கணிதத்துறையில் எந்த ஆய்வுரையைத் திறந்தாலும் எதிர்ப்படும் சொல் 'சூப்பர்கஸ்பிடல்'. இத்துறையைத் தமிழில் எழுத விரும்புவோர் முதலில் தீர்த்தாக வேண்டிய சொல்லும் இதுவே. அதன் வேர் ஓரிடத்திலும் இன்றைய பொருள் வேறோரிடத்திலும் இருப்பதால், வேரை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் பொருள் தவறிவிடும்.

முதலில் சொல் வழங்கும் இடத்தைப் பார்ப்போம். 1897இல் குர்ட் ஹென்செல் அறிமுகப்படுத்திய பி-ஆடிக் எண்களில், பி என்னும் பகா எண்ணின் உயர்ந்த அடுக்கால் வகுபடும் எண் சிறிய எண்ணாகக் கொள்ளப்படுகிறது. அவ்வெண்களை உறுப்புகளாகக் கொண்ட, நேர்மாறுள்ள அணிகளின் குலம் பி-ஆடிக் குலத்துக்கு முதன்மையான எடுத்துக்காட்டாகும். குலத்தின் ஒவ்வோர் உறுப்பையும், பெருக்கல் முறை கெடாதவாறு, ஒரு திசையன் வெளியின் நேரியல் உருமாற்றமாகக் காட்டுவது உருவகிப்பு. பெரிய அணிகளின் குலத்துக்குரிய உருவகிப்புகளுள் பல, மூலைவிட்டத்தில் கட்டங்களாக அமைந்த சிறிய அணிகளின் குலங்களிலிருந்து 'தூண்டல்' என்னும் முறையால் பெறப்படுகின்றன. அவ்வாறு எந்தச் சிறிய குலத்திலிருந்தும் பெற முடியாத, பகுக்கவியலாத (தனக்குள் சிறிய உருவகிப்பு எதையும் கொள்ளாத) உருவகிப்பே சூப்பர்கஸ்பிடல் எனப்படுகிறது. பகுக்கவியலாத உருவகிப்பு ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு சூப்பர்கஸ்பிடலிலிருந்து தூண்டப்பட்ட உருவகிப்புக்குள் அடங்குகிறது என்று ஷாக்கே நிறுவினார். ஆகவே வகைப்படுத்தல் என்னும் பெரும்பணி, இந்த அடிப்படை உருவகிப்புகளைக் கண்டறிவது, அவற்றிலிருந்து தூண்டப்பட்டவை எவ்வாறு பிரிகின்றன என்று அறிவது என இரண்டு வேலைகளாகிறது.

இனிச் சொல்லின் வேருக்கு வருவோம். 'கஸ்பிஸ்' என்னும் இலத்தீன் சொல் ஈட்டியின் கூர்முனையைக் குறித்தது. ஆங்கிலத்தில் அது 'கஸ்ப்' ஆகி, பல்லின் முகட்டுக்கும் இதய வால்வின் மடலுக்கும் பெயராயிற்று. நம் பாடநூல்களில் உள்ள மூவிதழ் வால்வு, ஈரிதழ் வால்வு ஆகிய பெயர்களில் 'இதழ்' என்று நிற்பது இந்தக் கஸ்ப்தான். வடிவியலில், ஒரு மாறியின் வர்க்கம் மற்றொரு மாறியின் கனத்துக்குச் சமமாகும் வளைவரை ஆதிப்புள்ளியில் கூராக முடிவதால், அப்புள்ளி கஸ்ப் எனப்பட்டது.

நம் சொல்லுக்கு நேரான முன்னோடி மட்டு வடிவங்களின் கோட்பாட்டில் இருக்கிறது. முழுவெண் அணிகளின் செயலுக்கு ஏற்ப ஒழுங்காக மாறும் சார்புகளே மட்டு வடிவங்கள். சிக்கலெண் தளத்தின் மேற்பாதியில், முழுவெண் அணிகளின் செயலுக்குரிய அடிப்படைப் பகுதியை வரைந்தால், அது முடிவிலியை நோக்கி நீண்டு, அத்தளத்துக்குரிய தொலைவளவையின்படி மேன்மேலும் குறுகி, ஒரு முனையாகிறது. அம்முனையில் மதிப்பு சுழியாகும் மட்டு வடிவத்தை ஜெர்மானியர் 'ஸ்பிட்சென்ஃபார்ம்' என்றனர். 'ஸ்பிட்ஸ' என்றால் நுனி. ஆங்கிலத்தில் அது 'கஸ்ப் ஃபார்ம்' ஆயிற்று. இவ்வகைக்கு மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1916இல் இராமானுஜன் தம் கட்டுரையில் ஆராய்ந்த 12 எடையுள்ள வடிவம். 1, −24, 252, −1472, 4830 எனச் செல்லும் அதன் தொடர் விரிவின் கெழுக்களே இன்று இராமானுஜன் டௌ சார்பு எனப்படுகின்றன. அத்தொடரில் மாறிலி உறுப்பு இல்லை என்பதுதான் 'முனையில் சுழி' என்பதன் பொருள்.

மாறிலி உறுப்பு என்பது, கிடைத்திசையில் ஓரலகு நகரும்போது சார்பு பெறும் மதிப்புகளின் சராசரி. கிடைத்திசை நகர்வோ, மூலைவிட்டத்தில் ஒன்றுகளும் அதற்குக் கீழே சுழியும் கொண்ட மேல்முக்கோண அணியின் செயல். இதைக் கண்டுகொண்டதும் முனை என்னும் படம் தேவையற்றதாகிறது. அந்த அணிகள் எந்தக் குலத்தில் இருந்தாலும் 'அவற்றின்மீது எடுத்த சராசரி சுழி' என்ற நிபந்தனையை எழுதலாம். கெல்ஃபாண்டும் அவருடன் பணியாற்றியோரும், ஹரிஷ்-சந்திராவும் இந்த வழியிலேயே கருத்தை விரிவாக்கினர். இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தின் மிகத் துணிவான பொதுமையாக்கங்களுள் இதையும் ஒன்றாக நான் மதிக்கிறேன். பி-ஆடிக் குலத்தில் முனை என்று சுட்டிக்காட்ட எதுவுமில்லை. உருவகிப்பின் ஒவ்வொரு திசையனுக்கும், மேல்முக்கோண அணிகளுள் போதிய அளவு பெரிய ஓர் இறுக்கமான (மூடியதும் வரம்புக்குட்பட்டதுமான) உட்குலத்தின்மீது எடுத்த சராசரி சுழியாகிறது என்பதே எஞ்சி நிற்கும் நிபந்தனை.

'சூப்பர்' என்னும் முன்னொட்டு ஹரிஷ்-சந்திராவின் வழக்கு. மெய்யெண் குலங்களில் அவர் கஸ்ப் வடிவம் என்றது தனித்த தொடரைச் சேர்ந்த உருவகிப்புகளோடு தொடர்புடையது. உருவகிப்பின் அணிக்கெழுக்கள், அதாவது அதன் அணி உறுப்புகளைக் குலத்தின்மீதான சார்புகளாகக் கொண்டவை, வர்க்கித்துத் தொகையிடத்தக்கவையானால் அது தனித்த தொடரைச் சேர்ந்தது. பி-ஆடிக் குலங்களில் தனித்த தொடருக்குள்ளேயே, அணிக்கெழுக்கள் குலத்தின் மையத்தை (எல்லா உறுப்புகளோடும் வரிசை மாற்றிப் பெருக்கத்தக்க உறுப்புகளை) நீக்கிப் பார்க்கையில் ஓர் இறுக்கமான கணத்துக்கு வெளியே சுழியாகிவிடும் கடுமையான வகை ஒன்று இருந்ததால், அதைப் பிரித்துக்காட்ட வேண்டியிருந்தது. ஸ்டைன்பெர்க் உருவகிப்பு தனித்த தொடரைச் சேர்ந்தது. ஆனால் இக்கடுமையான வகையைச் சேர்ந்ததன்று. ஷாக்கேயும் லாங்லாண்ட்ஸும் 1970இல் இதே பொருளை 'முற்றிலும் கஸ்பிடல்' என்றனர். அவ்வழக்கு நிலைக்கவில்லை.

மிகச் சிறிய எடுத்துக்காட்டு பி = 2 ஆகும்போது கிடைக்கிறது. 0, 1 என்னும் இரண்டு எண்களை மட்டும் கொண்ட களத்தின்மீது நேர்மாறுள்ள 2×2 அணிகள் 6 உள்ளன. அவை மூன்று பொருள்களின் வரிசைமாற்றக் குலமாகவே அமைகின்றன. ஒற்றை வரிசைமாற்றத்துக்கு −1, இரட்டைக்கு 1 எனக் குறி தரும் உருவகிப்பை எடுத்துக்கொள்க. அலகு அணியல்லாத ஒரே மேல்முக்கோண அணி, இரு பொருள்களை இடம் மாற்றுவதால், −1 பெறுகிறது. 1 உடன் கூட்டிச் சராசரி காண, சுழி. இவ்வுருவகிப்பை 2-ஆடிக் முழுவெண் அணிகளின் குலத்துக்கு உயர்த்தி, மையத்துக்கும் நீட்டி, முழுக் குலத்துக்கு இறுக்கமான தாங்கியுடன் தூண்டினால், முடிவிலாப் பரிமாணமுள்ள சூப்பர்கஸ்பிடல் ஒன்று கிடைக்கிறது.

இவ்வாறே, மையத்தை நீக்கிப் பார்க்கையில் இறுக்கமான உட்குலங்களிலிருந்து சூப்பர்கஸ்பிடல் அனைத்தையும் பெறலாம் என்பதை, நேர்மாறுள்ள எல்லா அணிகளின் குலத்துக்கு 1993இல் புஷ்னெலும் குட்ஸ்கோவும் நிறுவினர். பொதுவான குலங்களுக்கு யூ 2001இல் ஓர் ஆக்கமுறை தந்தார். குலம் மென்மையாகக் கிளைக்கும் ஒரு கள விரிவின்மீது பிளவுற்று, அதன் வெய்ல் குலத்தின் (அதற்குரிய முடிவுறு சமச்சீர்க் குலத்தின்) உறுப்புகளின் எண்ணிக்கையை பி வகுக்காதபோது அம்முறை எல்லாவற்றையும் தருகிறது என்பதை 2021இல் வெளிவந்த கட்டுரையில் ஜெசிகா ஃபிண்ட்சென் காட்டினார்.

தமிழில் 'கூர்முனை உருவகிப்பு' எனலாம். வேரோடு ஒட்டிய சொல் அது. ஆயினும் முனை உடையது என்ற பொருளையே அது தருகிறது. கருத்தோ முனையில் மறைவது. ஆதலால் கஸ்ப் வடிவத்தை 'முனைமறை வடிவம்' என்றும், கஸ்பிடலை 'முனைமறை உருவகிப்பு' என்றும் சொல்வதையே நான் தேர்கிறேன். சூப்பருக்கு, மீக்கடத்தியிலும் மீயொலியிலும் பழகிய 'மீ' பொருந்தும்: மீமுனைமறை உருவகிப்பு. நீளத்தைக் கருதி 'மீ'யை விட்டுவிடலாமா என்றால், சிக்கலெண் வெளிகளில் இரண்டும் ஒன்றே என்பதால் அங்கு விடலாம். பகா எண் சிறப்பியல்புள்ள (ஒரு பகா எண் சுழியாகிவிடும்) களங்களின்மீது விடக் கூடாது. தூண்டப்பட்ட உருவகிப்பின் உள்வெளியாகவோ ஈவுவெளியாகவோ வராதது முனைமறை. அதன் எந்த உட்பகுதியின் ஈவாகவும்கூட வராதது மீமுனைமறை. விக்னெராஸ் வளர்த்த அக்கோட்பாட்டில் முதலாவதாக இருந்தும் இரண்டாவதாக இல்லாத உருவகிப்புகள் உண்மையிலேயே உள்ளன.