சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள்

இந்த மாரி முடிந்ததும் இன்னோர் அழைப்பு. முல்லைத்தீவுப் பக்கம் சுண்ணாம்புச் சுவரோடு ஒரு சின்னப் பழைய மெதடிஸ்த ஆலயம். “போன வருசம்தான் சீமெந்து பூசிப் பெயின்றும் அடிச்சனாங்கள், அதுக்குள்ள உரியுது ஐயா” என்றார் சபையார் ஒருவர். உரியாமல் என்ன செய்யும்?

2009க்குப் பிறகு வன்னியில் எழும்பிய வீடுகள் பெரும்பாலும் சீமெந்துக் கல்லும் சீமெந்துச் சாந்தும்தான். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பலவீனமாகத் தெரிகிறது. சீமெந்து போட்டால் சுவர் இறுகிவிடும் என்கிறார்கள். சுவரின் பலம் அதன் தடிப்பில் இருக்கிறது, பூச்சில் இல்லை. பூச்சு முதலில் கெட்டுப்போவதற்காகவே பூசப்படுவது. உப்பும் ஈரமும் அதைத் தின்னட்டும், உள்ளே கல் தப்பும். சில வருடங்களில் திரும்பப் பூசலாம். சீமெந்து பூசினால் கதை தலைகீழ். ஈரச் சட்டைக்கு மேல் பொலித்தீன் உடுத்தியதுபோல ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பூச்சு நிற்கும், பின்னால் கல்லும் சாந்தும் பொடியாகும். விரலால் தட்டிப் பாருங்கள், கோறைச் சத்தம் கேட்கும்.

இந்த ஆலயங்களில் சிற்பம், சித்திரம் தேட வேண்டாம். நீள்சதுர மண்டபம், சரிந்த ஓட்டுக் கூரை, இருபுறமும் உயர்ந்த யன்னல்கள், எல்லாரும் பார்க்கும்படி பிரசங்கபீடம். பிரசங்கம் கேட்கக் கட்டிய இடம், அவ்வளவுதான். அதன் அழகு அளவிலும் காற்றோட்டத்திலும் இருக்கிறது. அந்த யன்னல்களை அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போட்டு மூடிவிட்டு, அப்புறம் வெக்கை என்று மின்விசிறி வாங்குகிறோம்.

சட்டம் காப்பாற்றும் என்றும் இருந்துவிடாதீர்கள். தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களையே பழைய நினைவுச் சின்னமாகக் கொள்கிறது. மெதடிஸ்த சபையை இங்கே கொண்டுவந்த வெஸ்லியன் மிஷனரிமார் இலங்கைக்கு வந்ததே 1814இல். ஆகவே அரசு தனியாக அறிவித்தால்தான் உங்கள் ஆலயத்துக்குப் பாதுகாப்பு.

வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்பினால் முதலில் கூரைக்குச் செலவழியுங்கள். உடைந்த ஓட்டை ஐப்பசிக்கு முன்பே மாற்றுங்கள். சுவரோரம் உயர்ந்துபோன மண்ணை வெட்டி இறக்கி, தண்ணீர் வெளியே ஓட வழி விடுங்கள். தரைக்கு மாபிள் பதிக்காதீர்கள், கீழேயுள்ள ஈரம் சுவருக்கு ஏறும். பூச வேண்டுமென்றால் நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு, கழுவிய மணல், வெயில் படாமல் ஈரச்சாக்கு. கடல் மணல் வேண்டவே வேண்டாம். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும் அடியுங்கள்.

பூசிய சீமெந்தைக் கொத்தி எடுக்க மேசனை விடுமுன் தயவுசெய்து ஒருமுறை கூப்பிடுங்கள். அவசரத்தில் கொத்தினால் கல்லும் சேர்ந்து வந்துவிடும்.