கம்ப்ரெஸ் வேறு, ரீசைஸ் வேறு: ‘சுருக்கு’ என்ற சொல்லைப் பற்றி

“வீடியோ ரொம்பப் பெருசா இருக்கு, கொஞ்சம் சுருக்கி அனுப்பு.” விளையாட்டைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, 1920×1080 அளவில் இருந்த பதிவை 640×360 ஆக்கி அனுப்பினார். கோப்பு சின்னதாகிவிட்டது, சரி. ஆனால் திரை மூலையில் மீதித் தோட்டாக்களைக் காட்டும் எண் 36-ஆ, 38-ஆ என்று படிக்க முடியவில்லை. சின்ன வரைபடத்தில் எதிரியைக் குறிக்கும் சிவப்புப் புள்ளி, மங்கிய கறையாக மாறியிருந்தது. கேட்டவர் மனதில் இருந்தது கம்ப்ரெஸ், அதாவது பட அளவை மாற்றாமல் கோப்பை மட்டும் சிறிதாக்குவது. நண்பர் செய்தது ரீசைஸ், அதாவது படத்தின் அகல உயரத்தையே மாற்றுவது. இரண்டுக்கும் தமிழில் ‘சுருக்கு’ என்றே சொல்லிவிடுவதால் வந்த வினை.

கம்ப்ரெஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘கொம்’ என்றால் சேர்த்து, ‘ப்ரெமெரே’ என்றால் அழுத்து. சேர்த்து அழுத்துவது. துணி மூட்டையை அமுக்கிக் கட்டுவதுபோன்ற, கையால் செய்யும் வேலைக்குப் பிறந்த சொல் அது. தகவல் துறைக்கு வந்தபோது அழுத்தம் போய்விட்டது, இடத்தை மிச்சம் பிடிப்பது மட்டும் நின்றது. ரீசைஸில் உள்ள ‘சைஸ்’ இன்னும் சுவையானது. அது ‘அஸைஸ்’ என்ற சொல்லின் குறுகிய வடிவம். எடையும் அளவும் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று விதிக்கும் ஆணைக்கு அந்தப் பெயர் இருந்தது. விதித்த அளவு என்பது பிறகு வெறும் அளவு என்று ஆகிவிட்டது.

இப்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சொல்லைத் தேர்ந்தெடுக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

வீடியோ என்பது வேகமாக ஓடும் படங்களின் வரிசை, அதில் ஒரு படம்தான் சட்டகம் (ஃப்ரேம்). 1920×1080 சட்டகம் ஒன்றில் 20,73,600 புள்ளிகள் (பிக்சல்கள்). ஒரு புள்ளிக்கு 3 பைட் என்றால், ஒரு சட்டகம் 62 லட்சம் பைட்டைத் தாண்டும். நொடிக்கு 60 சட்டகம் ஓடினால் ஏறத்தாழ 373 மெகாபைட். பத்து நிமிட ஆட்டத்தை அப்படியே வைத்தால் 224 ஜிகாபைட் வரும். இதே அளவு, இதே வேகத்துக்கு யூடியூப் பரிந்துரைக்கும் பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்குச் செலவிடும் தகவலின் அளவு, நொடிக்கு 12 மெகாபிட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால், பத்து நிமிடத்துக்கு 900 மெகாபைட்தான். கிட்டத்தட்ட 250-ல் ஒரு பங்கு! புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை. மாறாக, அளவை மட்டும் 1280×720 ஆக இறக்கினால் புள்ளிகள் 9,21,600 ஆகும். அதாவது இரண்டேகால் மடங்குதான் குறையும். பெரிய வேலையைச் செய்வது எது என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

அந்த வேலையைச் செய்யும் நிரலுக்குக் கோடெக் என்று பெயர். ‘கோடர்’, ‘டீகோடர்’ இரண்டையும் ஒட்டிச் செய்த சொல். 2003-ல் தரப்படுத்தப்பட்ட எச்.264 இன்றும் பரவலாக ஓடுகிறது. அடுத்து 2013-ல் எச்.265, 2018-ல் ஏவி1 வந்தன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்லாதே. வீரனுக்கு மீதியுள்ள உயிரைக் காட்ட மூலையில் இருக்கும் உயிர்ப்பட்டை நூறு சட்டகங்களில் அசையாமல் நின்றால், ‘முன்பு இருந்ததுபோலவே’ என்று குறித்துவிட்டுக் கோடெக் நகர்ந்துவிடும். பக்கவாட்டில் நகரும் சுவரை, இவ்வளவு தூரம் தள்ளி வை என்று எழுதும். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு பார்க்காது. அதனால் நிறத் தகவலைப் பாதி அகலம், பாதி உயரத்தில் வைத்துக்கொண்டாலே பெரும்பாலும் போதும்.

விளையாட்டுப் பதிவில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், புல்வெளியில். வீரன் ஓடுகிறான், கேமரா சுழல்கிறது, ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக ஆடுகிறது. முந்தைய சட்டகத்திலிருந்து எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. பிட்ரேட் போதவில்லை என்றால் புல் முழுவதும் பச்சைப் பசைபோல் குழைந்து, சதுரம் சதுரமாகத் தெரியும். ஓட்டம் நின்றதும் ஒரு நொடியில் புல் மறுபடி கூர்மையாகிவிடும். பட அளவு முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுதான். கெட்டதும் தேறியதும் சுருக்கத்தால்.

சரி, தமிழுக்கு வருவோம். கம்ப்ரெஸுக்கு அமுக்கம், இறுக்கம், சுருக்கம் என்று மூன்று சொற்கள் உலவுகின்றன. அமுக்கம் மூலச் சொல்லின் நேர்ப்பொருள்தான். ஆனால் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அது இயற்பியலின் அழுத்தத்தைக் குறிக்கிறது. இறுக்கம் என்றதும் முடிச்சுதான் நினைவுக்கு வருகிறது. நான் சுருக்கத்தின் பக்கம். அதற்குக் காரணம் சுருக்கெழுத்து என்ற பழகிய சொல். சுருக்கெழுத்தில் எழுத்தைப் பொடியாக எழுதுவதில்லை. அதே பேச்சைக் குறைந்த கோடுகளில் எழுதுகிறோம், பிறகு அதைப் படித்து விரிக்கிறோம். கோடெக் செய்வதும் இதேதான். எதிர்ச்சொல்லும் தயாராக இருக்கிறது: சுருக்கு, விரி. மூலத்தை ஒரு பிட்கூட மாறாமல் திருப்பித் தந்தால் இழப்பற்ற சுருக்கம். கண்ணுக்குப் படாததைத் தள்ளிவிட்டால் இழப்புள்ள சுருக்கம். ஜிப் முதல் வகை, இணையத்தில் ஏற்றும் வீடியோ இரண்டாம் வகை. ஏற்கெனவே சுருக்கப்பட்ட எம்பி4 வீடியோ கோப்பை ஜிப்பில் போட்டால் ஏறக்குறைய எதுவும் குறையாது, திரும்பச் சொல்லும் இடம் அதில் மிச்சம் இல்லை.

ரீசைஸுக்கு ‘அளவு மாற்றம்’ போதும். சுருக்கு என்று இங்கே சொல்லவே கூடாது என்பது என் கட்சி, ஏனென்றால் அளவைக் கூட்டுவதும் ரீசைஸ்தான். பழைய புள்ளிப்பட விளையாட்டு ஒன்றின் 320×180 படத்தை 1280×720 ஆக்க, ஒவ்வொரு புள்ளியையும் நாலுக்கு நாலு சதுரமாக விரித்தால் விளிம்பு கூர்மையாக நிற்கும். இதைச் சுருக்கம் என்று எப்படிச் சொல்வது? ‘சைஸ்’ என்பதிலும் கொஞ்சம் கவனம் தேவை. ‘ஃபைல் சைஸ்’ என்பதைக் கோப்பளவு என்றும், மற்றதைப் பட அளவு என்றும் பிரித்துச் சொன்னால் போதும், பாதிக் குழப்பம் தீரும்.

ஏற்றும் தளமும் தன் பங்குக்கு மறுபடி சுருக்கும் என்பதால், நம் கையில் ரொம்பவும் சுருக்கிவிடக் கூடாது. எச்.264 வீடியோவை உருவாக்கும் எக்ஸ்264 என்ற நிரலில் தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப் எண் 0 முதல் 51 வரை போகும். இயல்பாக 23-ல் நிற்கும், எண் குறையக் குறையத் தரம் கூடும். அதனால் நண்பரிடம் இப்போது இப்படிச் சொல்கிறேன்: “பட அளவில் கை வைக்காதே, 1080 அப்படியே இருக்கட்டும். எச்.264-ல் சிஆர்எஃப் 20 வைத்துச் சுருக்கு. அப்புறமும் கோப்பளவு மிஞ்சினால், 720-க்கு அளவு மாற்றலாம்.”