சாயம் வெளுக்குமா, கலர் போகுமா: குட்டி மெசேஜ குவியல் பிரிக்கிற வித்தை

எங்க மதினி வில்லாபுரத்துல வீட்ல இருந்தே சுங்குடிச் சேலை விக்கிறாங்க. போன்ல அம்புட்டு மெசேஜ் வரும், எல்லாமே ரெண்டு வார்த்தை மூணு வார்த்தை. "தம்பி, ஒரே மாதிரி கேள்விய எல்லாம் ஒரு எடத்துல சேத்துக் குடு, மொத்தமா பதில் போட்டுர்றேன்"னாங்க. ஈசிதானன்னு உக்காந்தேன், மூணே மெசேஜ்ல மாட்டிக்கிட்டேன்.

"கலர் போகுமா". "கலர் இருக்கா". "சாயம் வெளுக்குமா".

மொதலும் மூணாவதும் ஒரே கேள்வின்னு நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு எண்ணு தான் வேணும். பழைய முறைல ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கட்டம், வார்த்தை இருந்தா 1 இல்லேன்னா 0, அப்பிடி ஒரு மெசேஜ் ஒரு எண் வரிசையா மாறிரும், அதத்தான் வெக்டர்ங்கிறாங்க. ரெண்டு வெக்டருக்கு நடுவுல உள்ள கோணத்த வச்சு கொசைன் கணக்குப் போட்டா (இங்க 1 வந்தா ஒரே வார்த்தைக, 0 வந்தா பொது வார்த்தையே இல்ல), மொத ரெண்டு மெசேஜுக்கும் 0.5 வருது, ஏன்னா "கலர்" பொது. மொதலுக்கும் மூணாவதுக்கும் சுத்தமா 0. தப்பான ஜோடி சேந்துருச்சு! நீளமான கட்டுரைன்னா சாயம், கலர், துவைக்கிறது எல்லாம் எங்கயாச்சும் ஒண்ணா வந்து காப்பாத்திரும், ரெண்டு வார்த்தைல அதுக்கு எங்க போறது?

எல்லாத்துலயும் வர்ற வார்த்தைக்கு மதிப்பக் கொறைக்கணும்னு 1972லயே கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் சொல்லிட்டாங்க. மதினிக்கு வர்ற எல்லா மெசேஜ்லயும் "அக்கா" இருந்துச்சுன்னா, அந்தக் கணக்குல அதுக்கு மதிப்பு 0. நல்ல வேலை தான், ஆனா சாயத்தையும் கலரையும் அது சேக்காது.

2013ல கூகுள்ல வந்த வேர்ட்டுவெக்ங்கிற (word2vec) முறை தான் அதச் சேத்துச்சு. ஒரு வார்த்தை யார் யார் கூட சுத்துதுன்னு பாத்து அதுக்கு எண்கள் குடுக்கும், சாயமும் கலரும் துணி, துவைக்கிறது, வெயில்னு ஒரே கூட்டத்துல திரியிறதால பக்கத்துல பக்கத்துல வந்துரும். போகுமா, போயிருமா, போகாதுல்லன்னு தமிழ்ல ஒரு வார்த்தைக்கே எத்தனையோ உருவம் இருக்குல்ல, அதுக்கு 2016ல ஃபேஸ்புக் விட்ட ஃபாஸ்ட்டெக்ஸ்ட் வார்த்தைய எழுத்துத் துண்டா ஒடச்சுப் பாக்கும். அப்பறம் மெசேஜ்ல உள்ள வார்த்தைகளோட வெக்டரச் சராசரி எடுத்தாப் போதும்னு நெனச்சேன்.

அங்கயும் ஒரு வில்லங்கம். "கலர் புடிச்சிருக்கு டிசைன் புடிக்கல", "டிசைன் புடிச்சிருக்கு கலர் புடிக்கல", ரெண்டுக்கும் சராசரி அச்சு அசலா ஒண்ணு! வார்த்தை எந்த வரிசைல வருதுங்கிறத சராசரி தொலைச்சிருது. 2019ல வந்த சென்டன்ஸ் பெர்ட் மாதிரி மாடல்கள் வாக்கியத்த முழுசாப் படிச்சு எண்ணாக்குது, ஒரே அர்த்தமுள்ள வாக்கியம் பக்கத்துல வரணும்னே அதப் பழக்குறாங்க. 2020ல கூகுள் விட்ட லாப்சி (LaBSE) அந்த மாதிரி ஒரு மாடல், 109 மொழிக்குப் பழகுனது, தமிழும் உண்டு, வாக்கியத்துக்கு 768 எண்ணு.

எண்ணு சரியா வந்துட்டா குவியல் பிரிக்கிறது பாதி முடிஞ்ச மாதிரி. அதுக்கு கே-மீன்ஸ்னு ஒரு முறை இருக்கு, அது எத்தனை குவியல்னு நம்மகிட்டயே கேக்கும், எதுலயும் சேராத மெசேஜக் கூட இழுத்து ஏதோ ஒரு குவியல்ல போட்டுரும், எனக்கு அது புடிக்கல. ஹெச்டிபிஸ்கேன்னு (HDBSCAN) இன்னொரு முறை, நெருக்கமா இருக்கறத மட்டும் சேத்துட்டு மிச்சத்த தனியா ஒதுக்கிரும்.

அப்பிடித் தனியா நின்ன மெசேஜ் ஒண்ணு, "அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்குச் சேலை எடுக்க வரலாமா". இது எந்தக் குவியல்லயும் சேரல மதினின்னு காட்டுனேன். "அன்னைக்கு நானே ஆத்துல தான் நிப்பேன்"னு அவங்களே பதிலடிச்சு அனுப்பிட்டாங்க.