பூஞ்சை இழைத்தோல்

மரத்தூள் போன்ற ஊட்டப்பொருளில் பூஞ்சையை வளர்த்து, அதன் இழைகள் பாய்போலப் பின்னி அடர்ந்ததும் பிரித்தெடுத்து, அழுத்திப் பதப்படுத்திய விரிப்பே பூஞ்சை இழைத்தோல். செய்திகளில் இது ‘மைசீலியம் லெதர்’ என்று வருகிறது.

மைசீலியம் என்பது பூஞ்சையின் இழைத்தொகுதி. அச்சொல்லின் வேர் பூஞ்சையைக் குறிக்கும் ‘மைகேஸ்’ என்ற கிரேக்கச் சொல். தனி இழைக்குப் பெயர் ஹைஃபா. அதுவும் கிரேக்கம்தான், வலை என்று பொருள். சில மைக்ரோமீட்டர் பருமனே உள்ள ஹைஃபா நுனியில் நீண்டு, கிளைத்து, பக்கத்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று வாரங்களில் வெண்மையான விரிப்பு உருவாகிவிடும். தறியே இல்லாத நெசவு என்பதால் ‘இழை’ என்ற தமிழ்ச் சொல் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

சிலர் ‘காளான் தோல்’ என்று எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் பொருத்தமில்லை. காளான் என்பது வித்துகளைப் பரப்பப் பூஞ்சை வெளியே நீட்டும் உறுப்பு. இந்த விரிப்போ, காளான் முளைக்க விடாமல் வளர்ப்பை நிறுத்தி எடுப்பது. அந்தப் பெயருக்கு உண்மையில் உரியது அமடூ. மரங்களில் குளம்பு வடிவில் வளரும் ஃபோமெஸ் ஃபோமென்டாரியஸ் என்ற காளானின் உட்சதையைச் சீவி, தட்டி விரித்துச் செய்யும் பொருள் அது. ருமேனியாவின் டிரான்சில்வேனியாவில் இன்றும் அதில் தொப்பி செய்கிறார்கள். ‘தாவரத் தோல்’ என்பதோ முழுத் தவறு. பூஞ்சை தாவரமே அல்ல.

‘தோல்’ என்னலாமா என்பதுதான் பெரிய சிக்கல். விலங்குத் தோலின் வலு கொலாஜன் என்ற புரத நார்களில் இருக்கிறது. பதனிடும்போது அவை பிணைக்கப்பட்டு, அழுகாத நிலையை அடைகின்றன. பூஞ்சை இழையில் கொலாஜன் இல்லை; அதன் சுவர் கைட்டின், குளூக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருள்களால் ஆனது. இத்தாலியில் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி, விலங்கிலிருந்து வராத பொருளைத் தோல் என்று சொல்லி விற்கக் கூடாது. தமிழில் அவ்வளவு இறுக்கம் இல்லை. பழத்துக்கும் தோல், மாட்டுக்கும் தோல், செருப்பும் தோல் என்பதே நம் வழக்கு. முன்னால் ‘பூஞ்சை இழை’ என்ற அடை இருக்கும்வரை யாரும் ஏமாறப்போவதில்லை என்பது என் கருத்து.

மைலோ, ரெய்ஷி ஆகியவை இத்தகைய விரிப்புகளின் வணிகப் பெயர்கள். பொதுச்சொல்லாக ஆளக் கூடாது. மைலோவை உருவாக்கிய போல்ட் த்ரெட்ஸ் 2023இல் அதன் உற்பத்தியை நிறுத்திவைத்தது. ரெய்ஷி மைக்கோவொர்க்ஸ் நிறுவனத்தின் சரக்கு; அது கேனோடெர்மா வகைக் காளானுக்கு ஜப்பானியர் வைத்த பெயரும்கூட.

‘மட்கும் தோல்’ என்ற அடைமொழியை மட்டும் யோசித்துப் போடவும். இழை மட்கும். ஆனால் நீர் புகாமலும் தேயாமலும் இருக்க மேலே பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் பூசியிருந்தால், அந்தப் பூச்சு அவ்வளவு எளிதில் மட்காது.